கிணற்று இணையமும் வாய்க்கால் இணையமும்

டப்ளின், கலிபோர்னியா
புதன்கிழமை காலை

அன்பிற்குரிய மாப்பிள்ளை சபரிநாதன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் வீட்டுக்காரர் சேனாபதி எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் அக்கா சாரதாவும், மகன் தீபக், மருமகள் சண்முகப்ரியா, பேத்தி ரக்ஷா ஆகியோரும் நல்ல உடம்போடு இருக்கிறோம். வீட்டில் சுகமில்லாமல் படுத்திருப்பது இணையம் ஒன்றுதான். அவ்விடம் நீங்களும் தங்கை மீனாட்சியும், மகள் வான்மதியும், புதிதாகப் பிடித்து வந்த கறவை மாடும் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாடு இப்போதாவது மீனாட்சியைக் கிட்டே விடுகிறதா?

இந்தக் காலத்தில் மச்சான் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். எழுதி முடித்ததும் தீபக் இதைப் படம் எடுத்து, குபெர்டினோவில் உள்ள தன் அலுவலகத்தில் இருந்து உங்களுக்கு அனுப்பிவிடுவான். அங்கே இணையம் ஓடுகிறது. இங்கே நடக்கிறது. சில சமயம் உட்கார்ந்துகொள்கிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வான்மதியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு எங்களையும் கூடத்தில் உட்கார வைத்தீர்கள். உங்களுக்கு ஞாயிறு காலை, எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணோட அத்தைக்குச் சம்மதந்தானுங்களே?" என்று கேட்டார். சாரதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, மேசைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்த ரக்ஷா, பாட்டியின் கால் மெட்டியைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். சாரதாவின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். யோசிக்கவே வேண்டாம், நீங்கள்தான் பார்த்தீர்களே! நொடிக்கு நொடி மாறுகிற மனித முகத்தில், அந்த ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்து எங்கள் இணையம் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் உங்கள் கூடத்து மின்விசிறி பாதிச் சுற்றில் நின்றது. உங்கள் பக்கம் கஷாயம் குடித்தவள் மாதிரி உங்கள் அக்கா நின்றாள். பிறகு அழைப்பே அறுந்துவிட்டது.

அக்கா முகத்தைச் சுளித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்ததில் தவறில்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். "அக்காவுக்குப் புடிக்கலீன்னா நேரா சொல்லீருக்கலாமில்ல, மூஞ்சியத் திருப்பீட்டுப் போன வெக்கோணுமா?" என்று நீங்கள் சொன்னதாகவும், மாப்பிள்ளை வீட்டாரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டதாகவும் மீனாட்சி தீபக்கிடம் சொல்லியிருக்கிறாள். இங்கே உங்கள் அக்காவோ, "கட்டாச்சுன்னா அவன் திரும்பக் கூப்பிடறதுக்கென்ன, வெரல் தேஞ்சா போயிரும்?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பு என்ன சொல்லும்? நான் உங்களை அழைத்தபோது, "அக்காவப் பேசச் சொல்லுங்க மச்சான்" என்றீர்கள். அவளிடம் சொன்னால், "சாதா போன்ல பேச மாட்டேனுங்க. மூஞ்சியப் பாத்துத்தான தப்பா நெனச்சான்? மூஞ்சியப் பாத்துத்தான் சம்மதம் சொல்லுவேன்" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மனம் இறங்கி அவளே வியாழக்கிழமை உங்களை வீடியோவில் அழைத்தாள். "தம்பி" என்று சொன்னதும் மறுபடி நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் வைத்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஆகவே மாப்பிள்ளை, ஒரு பெண்ணின் கல்யாணம் அந்தரத்தில் நிற்கிறது. அதைத் தரையில் இறக்க, முகம் நிற்காமல் தெரிகிற ஓர் அழைப்பு வேண்டும். இவ்வளவுதான் கணக்கு. கொடுக்கப்பட்டவை இவை, கண்டுபிடிக்க வேண்டியது இது என்று கரும்பலகையில் எழுதிப் போடலாம்.

கண்டுபிடிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இந்த வீட்டில் இருந்தது டி.எஸ்.எல். இணையம், அதாவது பழைய தொலைபேசிக் கம்பி வழியாக வருவது. "அப்பா, இதையே வெச்சுக்கலாமா, இல்ல கேபிள் இன்டர்நெட்டுக்கு மாறலாமா? எனக்கு டைமே இல்ல. நீங்க சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் ரிசர்ச் பண்ணி டிசைட் பண்ணுங்க" என்று தீபக் காரில் ஏறிக்கொண்டே சொன்னான். "சும்மாதானே" என்ற சொல்லை நான் காதில் வாங்கவில்லை. "டிசைட் பண்ணுங்க" என்பதை மட்டும் வாங்கிக்கொண்டேன். வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் ஒரு முடிவு கேட்டதில்லை மாப்பிள்ளை. இட்லிக்கு நான் எதைத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்பதைக்கூட உங்கள் அக்காதான் தீர்மானிக்கிறாள். அன்று காலையில் நான் குளித்து, சலவைச் சட்டை போட்டு, சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தேன். "எங்கீங்க, ஸ்கூலுக்கா?" என்று கேட்டாள்.

படித்துப் பார்த்ததில் எனக்கு விளங்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் தோட்டம் வைத்திருப்பவர், என்னிடம் படித்தவர் வேறு. இரண்டே வாக்கியத்தில் புரிந்துகொள்வீர்கள். டி.எஸ்.எல். என்பது சொந்தக் கிணறு. அதில் யாருக்கும் பங்கில்லை. ஆனால் கிணறு பக்கத்துத் தோட்டத்தில் இல்லை, தொலைபேசி நிலையத்தில் இருக்கிறது. அங்கிருந்து நம் வீடு எவ்வளவு தூரமோ, அவ்வளவுக்கு வழியிலேயே தண்ணீர் மண்ணில் இறங்கிப் போகும். கேபிள் என்பது கீழ்பவானி வாய்க்கால். தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு வரும், ஆனால் தெருவுக்கே ஒரு வாய்க்கால். எல்லோரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைசி வயலுக்கு ஈரம்தான் மிஞ்சும். இரண்டு வாக்கியம் என்றேன், ஏழெட்டு ஆகிவிட்டது. வகுப்பிலும் அப்படித்தான், மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்பேன். நீங்களெல்லாம் காலைத் தரையில் தேய்ப்பீர்கள்.

இந்த உதாரணம் எனக்கே மிகவும் பிடித்துப்போய்விட்டது. அங்கேதான் வினை ஆரம்பம். கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரு பெண்ணிடம், எங்கள் தெரு வாய்க்காலில் எத்தனை வீட்டுக்குப் பாத்தியதை என்று விசாரித்தேன். அந்தப் பெண் மிகுந்த பொறுமைசாலி. நான் ஆங்கிலத்தில் மடையை விளக்கினேன், கிணற்றை விளக்கினேன், ஒரு கட்டத்தில் கரும்பு நடவையும் விளக்கியதாக ஞாபகம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டுமானால் மாநகராட்சியைக் கேளுங்கள் என்றாள். சண்முகப்ரியா மாடியில் தன் ஆபீஸ் வேலையில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "மாமா, ப்ளீஸ், ஸ்பீட் எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க" என்றாள். அவள் ஆபீஸ் கணினிக்குத் தனிக் கம்பி இழுத்திருக்கிறது, அதில் சொந்த அழைப்பு எதுவும் பேசக்கூடாதாம். மேல்மடைக்காரர்கள் எப்போதும் அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் பொருட்படுத்தவில்லை.

முடிவாக, வாய்க்கால் பக்கமே சாய்ந்தேன். கேபிள் போடுவதற்கு ஓர் இளைஞன் வந்தான். இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். வீட்டு இணையப் பெட்டியில், ரூட்டர் என்பார்களே, அதில் பச்சை விளக்குகள் மினுக்குகின்றன அல்லவா, அவற்றைக் கண்டால் ரக்ஷாவுக்குக் கை நிற்காது, பிடித்து இழுத்துவிடுவாள். அதனால் சாரதா அவள் கைக்கு அகப்படாதபடி அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். அந்தத் தம்பிக்காக எடுத்துக் கொடுத்தோம். அவன் புதுப் பெட்டி வைத்து, கம்பியைச் செருகி, சோதித்துக் காட்டினான். அடடா, பறந்தது! "சூப்பர் ஃபாஸ்ட், சார்" என்றான். நான் அவனுக்கு மோர் கொடுத்தேன். அவனும் போனான், வேகமும் போனது. சாயங்காலம் பழைய குருடி கதைதான். வாத்தியார் நிற்கும்வரை வாய்விட்டுப் படித்துவிட்டு, அவர் தலை மறைந்ததும் படுத்துக்கொள்கிற வகுப்பு ஒன்று எல்லாப் பள்ளியிலும் இருக்கும். அந்த வகுப்பு எங்கள் வீட்டில் இருக்கிறது.

வேறு யாராவது இருந்தால் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏனென்றால், என் உதாரணம் நிரூபணமாகிவிட்டது! பகலில் ஓடுகிறது, மாலையில் நிற்கிறது. அப்படியானால் மாலையில் தெருவே மடையைத் திறக்கிறது. இதற்கு மருந்து நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முறை வைக்க வேண்டும். இந்த வாரம் இந்தக் கரை, அடுத்த வாரம் அந்தக் கரை என்று தண்ணீர் விடுவதில்லையா, அது போல. தெருவில் உள்ள வீடுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, எந்த நாள் மாலையில் யாருக்கு இணைய முறை என்று கோடு போட்டு எழுதி, தெரு முனையில் எல்லோருக்கும் பொதுவான தபால் பெட்டிகள் இருக்கும் இடத்தில் ஒட்டினேன். ஒட்டிவிட்டு வீடு வீடாகப் போய் விளக்கவும் செய்தேன். சாரதா வாசலில் நின்று, "ஏனுங்க, நாம விசாவுல வந்திருக்கறோம். அது நெனப்பிருக்கட்டும்" என்றாள்.

மூலை வீட்டில் திருமூர்த்தி என்று நம் கோயமுத்தூர்ப் பையன். கம்ப்யூட்டர் துறை. "அங்கிள், அது அப்படி வொர்க் ஆகாது அங்கிள். உங்க வீட்டுக்குள்ள வைஃபைதான் ப்ராப்ளமா இருக்கும். ரூட்டர எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். "அதெல்லாம் பத்திரமா இருக்கு தம்பி, நீ முறைக்கு ஒத்துக்கறயா, இல்லயா?" என்றேன். பெரியவர் கேட்கிறாரே என்று ஒத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு லின் அம்மையார், பிள்ளைகள் ஒரு மணி நேரம் புத்தகம் படிப்பதற்காக நான் ஏதோ இயக்கம் நடத்துகிறேன் என்று எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் மறுக்கவில்லை. எதிர்வீட்டு ராபர்ட், தீயணைப்பு வீரராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான் இருக்கும். அவருக்கு மட்டும் நான் முழு உண்மையையும் சொன்னேன்: மைத்துனர், மைத்துனர் மகள், மெட்டி, எல்லாம். மெட்டி என்றால் என்னவென்று செருப்பைக் கழற்றி என் கால் விரலில் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து என் கால் விரலைப் பார்த்தார். பிறகு, "சேனா, அந்தப் பொண்ணு கல்யாணம் உங்க மனைவியோட முகத்துக்காக நிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "புதன்கிழமை மாலை எட்டு மணி. தெரு முழுக்க ஆஃப். நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் இணையத்தில் விடாமல் பார்க்கிற பேஸ்பால் ஆட்டம் அன்றுதானாம். மாப்பிள்ளை, சொந்த ஊரில் ஒரு மடைக்குத் தண்ணீர் விட்டுக்கொடுக்காமல் மண்வெட்டியைத் தூக்கியவர்களை நானும் நீங்களும் பார்த்திருக்கிறோம்.

அந்தப் புதன்கிழமை இன்றுதான். சாயங்காலம் எட்டு மணிக்குத் தெருவே இணையத்தை அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்கப்போகிறது. நமக்காக மடையை அடைத்தவர்களை வெறும் வயிற்றோடு நிறுத்தக்கூடாது என்று உங்கள் அக்கா எல்லோருக்கும் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கப்போகிறாள். "நம்மூட்டு அடுப்புல இத்தன பேத்துக்கு ஆவாது" என்று கவலைப்பட்டாள். ராபர்ட், நவம்பர் மாதத்துப் பண்டிகைக்கு முழு வான்கோழியைப் பொரிக்க வைத்திருக்கும் பெரிய கேஸ் அடுப்பைக் கொண்டுவந்து தெருவிலேயே வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். சாதம் கொதிக்கும்போது அவள் உங்களை அழைப்பாள். அப்போது உங்களுக்கு வியாழன் காலை. எந்த வேலை இருந்தாலும் போனை எடுங்கள். தோட்டத்தில் இருந்தால் போனைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஒருவேளை இதுவும் நடக்காமல் படம் மறுபடி நின்றுவிட்டால், இந்தக் கடிதத்தையே உங்கள் அக்காவின் சம்மதமாக எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிவிடுங்கள். வான்மதிக்குக் கட்டுவதற்கென்று அவள் பக்கத்து ஊர் பிளசன்டனில் ஒரு கடையில் பட்டுப்புடவை பார்த்து, வாங்கி, ரக்ஷா கைக்கு எட்டாத இடத்தில் மடித்து வைத்துவிட்டாள். பிடிக்காதவள் செய்கிற காரியமா இது? அவளுக்குக் கோபம் எல்லாம் நீங்கள் திரும்பக் கூப்பிடவில்லை என்பதில்தான். நீங்கள் வீம்பு, அவள் வீம்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு அதிலாவது ஒற்றுமை இருக்கிறது. குற்றம் யார் மீதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் டி.எஸ்.எல். மீது போடுங்கள். அது போதாவிட்டால் கேபிள் மீது. எது பொருத்தம் என்று நான்தான் ஆராய்ச்சி செய்து முடிவெடுத்தேன் என்பதால் மிச்சத்தை என் மீது போடலாம்.

மீனாட்சிக்கு அண்ணன் விசாரித்ததாகச் சொல்லவும். வான்மதி எல்லா நலமும் பெற்று, பேர் சொல்ல வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் இங்கிருந்தே அட்சதை தூவுகிறோம். அது நிற்காமல் வந்து சேரும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
சேனாபதி

பின்குறிப்பு: புதன் மாலை, எட்டு மணி ஆகப்போகிறது. காலையில் நான் எழுதி முடிப்பதற்குள் தீபக் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டதால் கடிதம் என்னிடமே இருக்கிறது. மேலே எழுதியதில் பாதி இனித் தேவையில்லை. மீதிப் பாதி தவறு. ராபர்ட் அடுப்பைக் கொண்டுவந்து தெருவில் பற்ற வைத்தார். அதன் அகலத்தைப் பார்த்த சாரதா, "இதுக்கு நம்ம பெரிய போசிதான் சரி" என்று உள்ளே போனாள். எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு நீங்கள் வைத்த பெரிய எவர்சில்வர் பாத்திரம் அது. உங்கள் பெயர் வெட்டியது. தம்பி கொடுத்தது என்று விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். இங்கத்திய அடுப்புக்குப் பெரிதாக இருக்கிறது என்று, அதற்கு வேறு ஒரு வேலை கொடுத்திருந்தாள். ரக்ஷா இழுக்காமல் இருக்க, பழைய இணையப் பெட்டியின் மேலும், பிறகு புதுப் பெட்டியின் மேலும் அதைத்தான் கவிழ்த்து வைத்திருந்தாள். பொருத்தமாக உட்கார்ந்தது. "நல்ல யோசனை" என்று நான் பாராட்டியிருந்தேன்.

அவள் போசியைத் தூக்கினாள். என் சட்டைப் பையில் போன் துள்ள ஆரம்பித்தது. தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. அப்போது தெருவில் ஒருவரும் இணையத்தை அணைத்திருக்கவில்லை. லின் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ராபர்ட் வீட்டில் பேஸ்பால் சத்தம் கேட்டது. வாய்க்காலில் வெள்ளம்தான் மாப்பிள்ளை, குறையே இல்லை. முதல் நாளிலிருந்து சொந்தக் கிணற்றிலும் தேவையான தண்ணீர் இருந்திருக்கிறது. நாங்கள்தான் மேலே போசியைக் கவிழ்த்துவிட்டு, கம்பி நுழையும் சந்தில் கசிந்ததைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

தான் அனுப்பியவை எல்லாம் எங்களுக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்து, அதற்குள் வான்மதியே அழைத்துவிட்டாள். அதற்குப் பின் நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்கள் வாயில் பல்பொடியோடு வந்து நின்றீர்கள். "தம்பி, எனக்குச் சம்மதம். அன்னைக்கே சம்மதம்" என்று உங்கள் அக்கா சொன்னபோது படம் நிற்கவில்லை. எனக்கு மட்டும், ஒரு நொடி நின்றால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. இந்த முகத்தை அல்லவா மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் காட்டியிருக்க வேண்டும்! நீங்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "அதென்னக்கா கையில போசி? என்ற பேரு தெரியுது" என்று கேட்டீர்கள். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாளே தவிர, பதில் சொல்லவில்லை. பதில் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

உங்கள் வகுப்பில், பாடிக்கொண்டிருக்கும் ஒரு டிரான்சிஸ்டரைத் தூக்குப்போசிக்குள் வைத்து மூடிக் காட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? உலோகம் மூடினால் அலை உள்ளே போகாது என்பது பாடம். வருஷா வருஷம் நடத்தினேன். பாட்டு நின்றதும் முதல் பெஞ்சில் இருந்து நீங்கள்தான், "பாட்டு எங்கீங் சார் போச்சு?" என்று கேட்டீர்கள். அப்போது நன்றாகத்தான் விளக்கினேன். விளக்கியவருக்குப் புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

சாதம் பிரமாதம். ராபர்ட் மூன்றாம் முறை வாங்கினார். எட்டு மணிக்கு எல்லோரும் இணையத்தை அணைக்கத்தான் போகிறார்கள். அணைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருமூர்த்தி மட்டும் என் முகத்தைப் பார்த்து, "ரூட்டர் எங்க அங்கிள் இருந்துச்சு?" என்றான். அவனுக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டேன்.

கேபிள் கம்பெனியிடம் தீபக் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். டி.எஸ்.எல்லே போதுமாக இருந்தது என்று அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். அதனால்தான் இந்தக் கடிதத்தை அவனிடம் படம் எடுக்கக் கொடுக்காமல், தபாலில் போடுகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்து நீங்கள் ஓய்வாக உட்காரும்போது வந்து சேரும்.